முட்டிச் சில்லு உள்பக்கம் போகாது

ஜூலை 5, சனி

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பைக் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இவர் சுபியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். பிள்ளையின் ஒரு காலில் ஹாக்கி ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஒண்ணுமில்ல செம்பகம், சுளுக்கு" என்றார். ஒன்றுமில்லாத காலை எதற்கு இப்படித் தாங்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்?

யாரும் இடிக்கவில்லையாம். பந்தோடு ஓடியவள் சட்டென்று திரும்பியிருக்கிறாள். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. விழுந்துவிட்டாள்.

"முட்டிச் சில்லு உள்பக்கமா போயிருச்சும்மா. நானே பாத்தேன்."

"அதெல்லாம் இல்ல. நான்தான் பக்கத்துல இருந்தேன்ல? கால நீட்டிவிட்டேன், சரியாப் போச்சு" என்றார் இவர்.

மின்வாரியத்தில் வேலை பார்த்தாலும் இவருக்கு மனசு முழுக்க மைதானத்தில்தான். அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். சனி, ஞாயிறுகளில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவார். இந்தக் கோவில்பட்டியில் ஹாக்கியைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால் பால்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் என்ன சொல்ல? இருபத்தேழாம் தேதி மாநில ஜூனியர் அணிக்குத் தேர்வு வேறு.

இரவு ஐஸ் வைத்தேன். முட்டி பம்ப்ளிமாஸ் பழம் போல உருண்டுவிட்டது. மாவு பொங்கி வழிந்து, அடுப்படி மேடை முழுக்க ஒரே பிசுபிசுப்பு.

ஜூலை 6, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரிய டாக்டர் இல்லை, டூட்டி டாக்டர்தான். எக்ஸ்ரே இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை, அதை எழுதி ஒட்டிய காகிதமே பழுப்பேறிக் கிடந்தது.

"கால நல்லா நீட்டிப் படும்மா." மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முடிந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். "எல்லாம் அது அது இடத்துல இருக்கு. எந்தப் பக்கம் போச்சுன்னு சொன்ன?"

"உள்பக்கம் சார். இந்தா, இந்த இடத்துல உருண்டையா தள்ளிக்கிட்டு நின்னுச்சு."

"முட்டிச் சில்லு உள்பக்கம் போகாதும்மா. போனா வெளிப்பக்கந்தான் போகும்."

"நான் பாத்தேன் சார்."

அவர் இவரைப் பார்த்துச் சிரித்தார், இவரும் பதிலுக்குச் சிரித்தார். வீங்கிக் கிடக்கும் ஒரு பெண்பிள்ளையின் முட்டிக்கு மேலாக இரண்டு ஆண்கள் சிரித்துக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரையும் எலாஸ்டிக் கட்டும் எழுதிக்கொடுத்தார். பத்து நாள் ஓய்வு போதுமாம்.

வெளியே வந்ததும், "நான்தான் சொன்னேன்ல" என்றார் இவர்.

படி இறங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு காலை வைத்து, அதே படியில் மற்றக் காலைக் கொண்டுவந்து சேர்த்து, கைப்பிடியை விடாமல் இறங்கினாள் சுபி. எப்போதும் எனக்கு முன்னால் குதித்து இறங்கி ஓடுகிறவள், இன்று என் வேகத்திலேயே என் பக்கத்தில் வந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

பதினோராம் வகுப்பில் எலும்பு மண்டலம். வருஷா வருஷம் நடத்துகிறேன். "முட்டிச் சில்லு எதுக்கு மிஸ் இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். தொடைத் தசையின் இழுவிசையைத் தாங்கிக் கொடுக்க, தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் ஏறி இறங்க என்று படம் போட்டுக் காட்டினேன். "பள்ளத்த விட்டு வெளிய வந்தா?" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஸ்டாஃப் ரூம் நாற்காலிகளைப் பெயின்ட் அடிக்க எடுத்துப் போய்விட்டார்கள். எல்லோரும் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மதினி வந்திருந்தார். இவருடைய அக்கா. கையில் ஒரு பாட்டில் எண்ணெய், வாய் நிறைய புத்திமதி.

நான் வேறு டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்கலாம் என்று பேச்சை எடுத்ததுதான் தாமதம், "எதுக்கு? எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகல்ல?" என்றார்.

"வீக்கம் வடியல மதினி."

"வடியும். ஏ செம்பகம், பொம்பளப் பிள்ளையோட காலு. ஸ்கேனு, அது இதுன்னு எடுத்துட்டா ஒரு பேரு வந்துரும். நாளைக்கு மாப்பிள்ள வீட்ல ஒருத்தன் கேட்டா என்னத்தச் சொல்லுவ? கால்ல குறை உள்ள பிள்ளைன்னு ஊரே சொல்லும்."

"அவளுக்குப் பதினாறு வயசு மதினி."

"ஆகட்டும், அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

இதே வார்த்தைகளை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். வேறு வாயிலிருந்து, வேறு வீட்டில். எங்கே என்று யோசிக்கப் பொழுதில்லை, மதினிக்குக் காபி போட வேண்டியிருந்தது.

அவர் ஹாலில் பாய் விரித்துச் சுபியின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார். "நீயும் உக்காரேன்" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "டீச்சரம்மா தரையில உக்கார மாட்டாகளே" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்னைப் பற்றி உள்ள ஒரே தீர்ப்பு இதுதான்: பவுசு பிடித்தவள், பந்தியில்கூடச் சேர் கேட்பவள். இருக்கட்டும். பவுசு என்றால் பவுசு.

ஆவணி நடுவிலேயே அவருடைய மருமகளுக்கு வளைகாப்பு வைக்கிறார்களாம். இப்போதே அழைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் குளியலறையில் சுபியின் அலறல். போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் பாதி மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டது, நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. "உள்ள ஒரு கல்லு கெடக்குற மாதிரி இருக்கும்மா." மெதுவாக அசைத்து அசைத்து அவளே விடுவித்துக்கொண்டாள்.

இதற்கு இவர் சொன்னது: "சும்மாவே உக்காந்திருந்தா பிடிச்சுக்கத்தான் செய்யும். நாளைல இருந்து காலைல லேசா நடக்கட்டும். கிரவுண்டுக்கு வந்து நிக்கவாவது செய்யட்டும். இருபத்தேழுக்கு நாள் கெடக்கு."

"அவ கால் மாட்டிக்கிட்டு நிக்கிறா. நீங்க தேதி பாக்கீங்க."

"எங்க காலத்துல முட்டி பேந்தாலும் மண்ணத் தொடச்சுட்டு ஓடுனோம்."

"ஓடுனீங்கல்ல, எங்க போய்ச் சேந்தீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் சுபியிடம், "வலிக்குதா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா."

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், கண்ணை நேராகப் பார்த்து, சுத்தமாகச் சொன்னாள். அவள் அலறினால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. இப்படிச் சொல்ல யாரிடம் கற்றுக்கொண்டாள்? இவரிடமிருந்துதான் இருக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

திருநெல்வேலியில் டாக்டர் பியூலாவிடம் நேரம் வாங்கிவிட்டேன். எலும்பு டாக்டர். யாரிடமும் கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

பள்ளியில் லீவு சொல்லிவிட்டுச் சுபியுடன் பஸ் ஏறினேன். இவர் வரவில்லை. "எடுத்துப் பாரு, ஒண்ணும் இருக்காது" என்று வழியனுப்பினார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் எனக்கு ஓரம் கிடைத்தது நல்லதாயிற்று, காலை நீட்டிக்கொள்ளலாம்.

டாக்டர் பியூலாவுக்கு என் வயதுதான் இருக்கும். கோவில்பட்டி எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார்.

"இது கால நீட்டிப் படுக்க வச்சு எடுத்தது. நீட்டுனா முட்டிச் சில்லு சமத்தா வந்து இடத்துல உக்காந்துக்கும். வாத்தியார் வந்ததும் பிள்ளைங்க உக்காருமே, அப்படி. நீங்க டீச்சர்தானே?"

"ஆமா டாக்டர்."

"அப்ப தெரியும். வாத்தியார் இல்லாதப்பல்ல போய்ப் பாக்கணும்?"

சுபியைப் படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கி, கட்டைவிரலால் சில்லை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினார். அவ்வளவுதான், சுபி எழும்பி உட்கார்ந்து டாக்டரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள். "ஐயோ வேண்டாம்" என்றாள். வலிக்கவில்லையாம். சில்லு மறுபடி போய்விடும் போலிருந்ததாம்.

"போதும்மா. பாதி பதில் கெடச்சாச்சு" என்றார் டாக்டர்.

முட்டியை மடக்கி வைத்து, தொடைக்கு இணையாகக் கதிரை விட்டு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தக் கோணத்தில் தொடை எலும்பின் முனை இரண்டு மேடுகளாகவும் நடுவில் பள்ளமாகவும் தெரியுமாம். சில்லு பள்ளத்துக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தில் சில்லு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பள்ளமும் பேருக்குத்தான் இருந்தது, தோசைக்கல் அளவு குழிவு. ஆப்பச்சட்டி போல் இருக்க வேண்டுமாம். எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் ஆழமாகப் பள்ளம் வரைந்துகொண்டிருக்கிறேன்!

"வீட்ல வேற யாருக்காவது இப்படி முட்டி நழுவியிருக்கா?"

"இல்ல" என்றேன்.

உண்மைதான். எனக்கு இருப்பது தேய்மானம். கல்லூரி மூன்றாம் வருஷத்திலிருந்தே தேய்மானம். நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதானே. சுபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பசி போல.

அங்கேயே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தோடு, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது, யாரோ தகரக் கொட்டகையைச் சுத்தியலால் அடிப்பது போல. ரிசல்ட் வெள்ளிக்கிழமை. குடும்பமாக வரச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பாயசம் வைக்க மறந்துவிட்டேன். மதினி போனில், "ஸ்கேன் எடுத்துட்டியாம்ல" என்றார். இவர் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் எதைச் சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று பேரும் போனோம்.

டாக்டர் பியூலா படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார். முட்டியை ரொட்டி போல வரிசையாக அறுத்து வைத்திருந்தது. ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ரெண்டு பாத்திரம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா ரெண்டுலயும் சொட்டை விழும்ல? சொட்டை எங்கெங்க இருக்குன்னு பாத்தா எப்படி இடிச்சதுன்னு சொல்லிரலாம். இங்க பாருங்க, முட்டிச் சில்லோட உள் ஓரத்துல ஒரு அடி. தொடை எலும்போட வெளி ஓரத்துல ஒரு அடி. ரெண்டும் ஒண்ணாச் சேரணும்னா சில்லு பள்ளத்தத் தாண்டி வெளிப்பக்கம் போயிருக்கணும். திரும்பி வரும்போது ரெண்டும் மோதியிருக்கு. வேற வழியே இல்ல."

"அப்ப நான் பாத்தது?" என்றாள் சுபி. "உள்பக்கம் உருண்டையா நின்னுச்சு டாக்டர். எல்லாரும் பொய்யின்னு சொல்றாங்க."

"நீ பொய் சொல்லல கண்ணு. சில்லு வெளிய போயிட்டதால மூடியில்லாம தொடை எலும்போட உள்முனை வெறுசா நின்னுருக்கு. நீ பாத்தது அந்த எலும்பு. அதத்தான் சில்லுன்னு நெனச்சுட்ட. முக்காவாசிப் பேரு இப்படித்தான் சொல்லுவாங்க."

சுபி அழுதுவிட்டாள். இவ்வளவு நாள் வலிக்கு அழாதவள். நானும் ஒரு தடவைகூட 'நீ பார்த்தாய், நம்புகிறேன்' என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழைத்துக்கொண்டு அலைந்தேன், அது வேறு. சொல்லவில்லை.

உள்பக்கம் சில்லைப் பிடித்து வைத்திருக்கும் நார் கிழிந்திருக்கிறது. மோதியதில் குருத்தெலும்போடு ஒரு சிறு துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கிறது. அவள் சொன்ன கல் அதுதான். அப்படியே விட்டால் மூட்டை அராவிவிடும். ஆபரேஷன் செய்து துண்டைப் பொருத்தி, நாரைச் சரிசெய்ய வேண்டும்.

"இருபத்தேழாம் தேதி செலக்‌ஷன்..." என்றார் இவர்.

டாக்டர் அவரைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும். சில்லு தானா இடத்துக்குப் போச்சா, யாராவது கால நீட்டுனாங்களா?"

"அப்பா நீட்டுனாங்க" என்றாள் சுபி. "டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சுபி தூங்கிப் போனாள். கங்கைகொண்டான் தாண்டியதும் இவர் மெல்ல ஆரம்பித்தார்.

"நான் பாத்தேன் செம்பகம். சில்லு வெளிப்பக்கம் கெடந்துச்சு. பாத்ததும் கை தானாப் போயிருச்சு. கிரவுண்டுல எத்தன பிள்ளைகளுக்கு நீட்டிவிட்டிருக்கேன். நீட்டுனேன், எடத்துக்குப் போயிருச்சு. சரியாப் போச்சேன்னு விட்டுட்டேன்."

"அந்த டாக்டர் எந்தப் பக்கம்னு கேட்டாருல்ல? அவ உள்பக்கம்னு சொல்லி முழிச்சுக்கிட்டு நின்னாளே. அப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"சொன்னா வெளையாட விடமாட்டாகன்னு..."

"சிரிச்சீங்க."

நேரில் பார்த்தவர் வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அதற்கு ஒரு மலை போன்ற இயந்திரம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல வைத்துக்கொண்டு ஒரு மனுஷரால் எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்க முடிகிறது? எனக்குப் புரியவே இல்லை.

பஸ் நிலையத்தில் இறங்கும்போது என் கால் வழக்கம் போல மக்கர் செய்தது. இவர் கை கொடுத்தார். தட்டிவிட்டேன். பிறகு பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

மதினி: "ஆடி மாசத்துல போய்க் கத்தி வைக்கணுமா?"

இவர் போனை வாங்கி, "வைக்கணும்க்கா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவிடம் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறார்.

ஜூலை 24, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. துண்டு நல்ல நிலையில் இருந்ததாம், பொருத்திவிட்டார்கள். மயக்கத்தில் சுபி, "கோல்" என்றாள். இவர் வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றுதான் தேர்வு. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவர் மைதானத்துக்குப் போகவில்லை, சுபிக்கு முருங்கைக்கீரை ஆய்ந்தார். பாதி காம்போடு.

ஆகஸ்ட் 9, சனி

மறுபரிசோதனை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அடுத்த வருஷம் ஆடலாம், பயிற்சியை ஒழுங்காகச் செய்தால்.

கிளம்பும்போது சுபி, "டாக்டர், எங்கம்மாவும் படி இறங்குறப்ப நான் இறங்குன மாதிரியேதான் இறங்குவாங்க. எப்பவுமே. தரையில உக்கார மாட்டாங்க" என்றாள்.

"ஏய், சும்மா இரு. எனக்குத் தேய்மானம் டாக்டர்."

"யாரு சொன்னா?" என்றார் டாக்டர்.

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் த்ரோபால் ஆடும்போது விழுந்தேன். அம்மா மஞ்சள் பத்துப் போட்டார். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், காலில் குறை என்று பேர் வந்துவிடும், யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சொல் என்றார். சொன்னேன். தேய்மானம் என்ற வார்த்தையை நான்தான் பிற்பாடு எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏறிப் படுங்க."

"நேரமாச்சு டாக்டர், பஸ்..."

"பஸ் வரும். படுங்க."

படுத்தேன். முட்டியை லேசாக மடக்கினார். கட்டைவிரலைச் சில்லின் உள் ஓரத்தில் வைத்தார். மெல்ல வெளிப்பக்கம் தள்ளினார்.

என் கை டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

"மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள் சுபி. இருபது வருஷமாக நான் படி இறங்குவதைப் பார்த்த இவர், என் முட்டியை இன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் எதையும் பார்க்கவில்லை. சுவரில் காலண்டர் இருந்தது.

மடக்கி வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தோசைக்கல்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மதினி வீட்டில் வளைகாப்பு. கூடம் நிறைய ஆட்கள். சுபி காலில் பெல்ட்டுடன் ஒற்றைக் கம்பு ஊன்றி வந்தாள். பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார, மதினி வழக்கமான குரலில், "டீச்சருக்கு ஒரு சேரப் போடுங்கப்பா" என்றார்.

"அத்தை, ரெண்டு சேரு" என்றாள் சுபி.

சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருவர் குனிந்து பார்த்தார். "பிள்ளைக்குக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல, லேசாச் சுளுக்கு" என்று மதினி முந்திக்கொண்டார்.

என்னால் முடியவில்லை. இந்த ஒரு வார்த்தையை இனி ஒரு தடவை கேட்டாலும் இலையைத் தூக்கி எறிந்துவிடுவேன் போலிருந்தது.

"சுளுக்கு இல்ல. முட்டிச் சில்லு நழுவிருச்சு, ஆபரேஷன் செஞ்சாச்சு" என்றேன். "எனக்கும் அதேதான். கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு. அதனாலதான் தரையில உக்காரதில்ல, பவுசுல இல்ல. எனக்கு இனிமேதான் வைத்தியம் பாக்கணும்."

வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. சாம்பார் வாளியோடு நின்ற இவர், "ஆமா" என்றார், தேவையே இல்லாமல், சத்தமாக.

மதினி என்னை முறைத்தார். "இருவது வருஷமா இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? கல்லு மாதிரி இருந்துட்டு இன்னைக்கு, இத்தன பேரு முன்னால..." முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். போனவர் ஒரு முக்காலியை எடுத்து வந்து என் காலுக்குக் கீழே இடிக்காத குறையாகத் தள்ளினார். "நீட்டு."

முக்காலியில் ஒரு கால் குட்டை, சாய்ந்தது. அதையும் சொன்னேன்.